ஜனாதிபதி மாறினால் அகதிக்கு என்ன?

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே, அகதிகளை அனுமதிக்கும் திட்டத்தை இடைநிறுத்தும் ஆணையில் ட்ரம்ப் ஒப்பமிட்டார். அதைப் பற்றி எம்மவர் எழுதியவற்றில் நான் வாசித்தவை பெரும்பாலும் அந்த மனிதரின் குணத்தைப் பற்றியவை. குணத்தைப் பேசட்டும். ஆனால் கையில் இருந்த பேனாவை யார் கொடுத்தது என்ற கேள்வி இவற்றில் எழவே இல்லை.

1952ஆம் ஆண்டின் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 212(எஃப்) என்றொரு பிரிவு உண்டு. எந்த வகை வெளிநாட்டவரின் வருகையும் நாட்டின் நலனுக்குப் பாதகமானது என ஜனாதிபதி கருதினால், தாம் அவசியமெனக் காணும் காலம்வரை அதை நிறுத்தலாம். 'கருதினால்' போதும். 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டமும், வருடத்துக்கு எத்தனை அகதிகள் என்ற எண்ணைக் குறிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டது. காங்கிரஸுடன் கலந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஹெயிட்டி மக்களுக்கு நடந்ததை நாம் மறந்திருக்கக் கூடாது. 1981இல் றேகன் இந்தப் பிரிவைக் காட்டித்தான் அவர்களின் படகுகளை நடுக்கடலில் மறித்தார். அப்போது கப்பலிலேயே பெயரளவுக்கு ஒரு விசாரணையாவது இருந்தது. 1991 செப்ரெம்பரில் இராணுவம் அரிஸ்டீட்டைக் கவிழ்த்ததும் ஆயிரக்கணக்கானோர் கடலில் இறங்கினர். 1992 மே மாதம் மூத்த புஷ் அந்த விசாரணையையும் நீக்கினார்: பிடி, கொண்டுபோய்த் திருப்பி விடு. தேர்தல் காலத்தில் இதைக் கொடுமை என்று கண்டித்தவர் கிளின்ரன். பதவியேற்க ஒரு வாரம் இருக்கையில், அதே கொள்கை தொடரும் என்று அறிவித்தவரும் அவரே. அவரது அரசே அதை உயர் நீதிமன்றத்தில் நியாயப்படுத்தியது. 1993 ஜூனில் எட்டு நீதிபதிகள் சம்மதித்தனர், பிளாக்மன் ஒருவரே மறுத்தார். அகதிகள் சாசனத்தின் 33ஆம் உறுப்புரை நடுக்கடலுக்குப் பொருந்தாதாம்! திருப்பி அனுப்பமாட்டோம் என்ற வாக்குறுதி, கரையேறியவனுக்கு மட்டும்தான் என்றால், கரையேற விடாமல் தடுப்பதே அரசின் வேலையாகிவிடும். 1994 மேயில் கிளின்ரன் இக்கொள்கையை மாற்றியதும் உண்மை. அதுவும் இன்னுமோர் அறிவிப்பால்தான்.

(இது எமக்கும் தூரத்துக் கதையல்ல. 2014இல் பெரும்பாலும் ஈழத்தமிழரான 157 பேரைக் கப்பலில் அடைத்து வைத்த அவுஸ்திரேலிய அரசு, தன் நீதிமன்றத்திலே இதே மாதிரியான வாதத்தைத்தான் வைத்தது.)

2017 ஜனவரி 27இல் ஏழு நாட்டவருக்குத் தடை வந்தது. இருமுறை திருத்தி எழுதப்பட்ட அத்தடையை 2018 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என ஏற்றது. 212(எஃப்) ஜனாதிபதிக்கு மிகப் பரந்த அதிகாரம் தருகிறது என்பதே பெரும்பான்மையினரின் வாசிப்பு. 2021 ஜனவரி 20இல் பைடன் ஒரு கையெழுத்தால் அதை நீக்கியபோது கைதட்டினோம். அதே பைடன் ஏப்ரலில், முன்னவர் குறித்த 15,000 என்ற எண்ணையே வைத்திருக்க முனைந்தார். கண்டனம் எழுந்த பின்னரே, மேயில், 62,500 ஆக்கினார். 2024 ஜூனில் தென் எல்லையில் தஞ்சம் கோருவதை அவர் மட்டுப்படுத்தியபோது எடுத்த ஆயுதமும் 212(எஃப்)தான்.

ஒரு நண்பர் இதற்கு மறுப்புச் சொன்னார். 2022 நிதியாண்டுக்குப் பைடன் குறித்தது 125,000. 2026 நிதியாண்டுக்கு ட்ரம்ப் நிர்வாகம் குறித்தது 7,500, அதிலும் பெரும்பகுதி தென்னாபிரிக்க வெள்ளையரான ஆபிரிக்கானர்களுக்கு. இரண்டையும் ஒன்றென்பது நாற்காலியில் இருப்பவரின் தத்துவம் என்றார். எண்ணின் வேறுபாடு உயிர்களின் வேறுபாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 125,000 என்று எழுதிய கை, கீழே இறங்கக்கூடாத எல்லை ஒன்றையும் சட்டமாக்கிவிட்டுப் போகவில்லையே.

சிறுவயதில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுக்கு 2012இல் ஒபாமா நிர்வாகம் கொடுத்த பாதுகாப்பும் இப்படித்தான். அது சட்டமல்ல, ஒரு திணைக்களச் சுற்றறிக்கை. 2017இல் அதை நீக்க முயன்றார்கள். 2020இல் உயர் நீதிமன்றம் தடுத்தது என்று நாம் மகிழ்ந்தோமே, தீர்ப்பை வாசித்தோமா? நீக்கும் அதிகாரம் இல்லை என்று அது சொல்லவில்லை. நீக்கியதற்குக் காரணத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை என்றுதான் சொன்னது.

மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும். தீர்ப்பை வாசித்துவிட்டு எழுதினால் நல்லது.