இணை சேர்ந்த நாதம்

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எங்கெங்கோ தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தூசி தட்டித் துடைத்து, மேஜைமேல் நடுநாயகமாக வைத்து, அதன் அழகில் லயித்து நிற்கிற நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அலுமினிய முகப்பின் மினுமினுப்பையும், விரலுக்குக் கனம் கொடுத்துத் திரும்புகிற குமிழ்களையும், சுவிட்சைத் தட்டியதும் நீலமாய் ஒளிர்கிற டயலையும் அவர்கள் வர்ணிக்கும்போது நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் இதனோடு எந்த ஸ்பீக்கரை, எந்த ஹெட்போனைச் சேர்த்துவைக்க உத்தேசம் என்று விசாரித்தால், கைவசம் இருப்பது எதுவானாலும் போதாதா என்கிற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அதைக் கேட்க எனக்கு உண்மையாகவே வருத்தமாயிருக்கும். ஓர் ஆம்ப்ளிஃபையருக்கென்று தனியே ஒரு குரல் கிடையாது. எந்தச் சுமையை அது தாங்கி நிற்கிறதோ அந்தச் சுமையோடு கூடித்தான் அதற்குக் குரல் பிறக்கிறது. தம்புராவில் தந்திக்கடியில் இருக்கும் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்தினாலும் நாதமே வேறாகிப் போகிறதல்லவா, இங்கே மின்னெதிர்ப்பில் சில ஓம்கள் கூடுவதும் குறைவதும் செய்கிற மாயமும் அதுவேதான்.

இந்த ரகசியத்தை நன்கறிந்து, ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் பரஸ்பரம் உத்தேசித்தே நிர்மாணித்தவர் என்று நான் முதலில் வணங்குவது இங்கிலாந்தின் பீட்டர் வாக்கரை. 1936-ல் லண்டனில் அவர் தொடங்கிய அக்கூஸ்டிகல் மானுஃபாக்சரிங் கம்பெனி, யுத்த காலத்தில் குண்டுவீச்சுக்குப் பின் ஹன்டிங்டன் என்ற சிறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. குவாட் என்ற பெயரால் உலகமெல்லாம் அறிந்த அந்த ஸ்தாபனத்திலிருந்து 1953-ல் குவாட் 2 என்ற வால்வு ஆம்ப்ளிஃபையரும், 1957-ல் அதன் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரும் வெளிவந்தன.

அந்த ஸ்பீக்கரை அருகில் நின்று பார்க்க வேண்டும். சாதாரண ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு ஒன்று காந்தத்தின் பலத்தால் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. பின்புறம் எழுகிற ஒலியை அடக்க ஒரு மரப்பெட்டியும் வேண்டியிருக்கிறது. வாக்கரின் படைப்பிலோ கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை, பெட்டியும் இல்லை. துளைகள் நிறைந்த இரு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் ஜவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டு, தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பலகைகளில் சுமார் 6000 வோல்ட்டும், உயர்ந்த ஸ்வரங்களுக்கான நடுப்பலகையில் சுமார் 1500 வோல்ட்டும் ஏற்றப்பட்டு, சங்கீதத்தின் மின்னலைகளுக்கேற்ப அந்த ஜவ்வு முழுவதுமே ஏகமாக அசைகிறது. கனமான பொருள் எதையும் அசைக்க வேண்டியிராததனால், தந்தியை மீட்டிய விரல் விலகுகிற அந்தக் கணமும் நம் செவிக்குத் தப்புவதில்லை.

இத்தனை சூக்ஷ்மமான பொருளுக்கு அதற்கேற்ற பலவீனமும் உண்டு. எல்லைக்கு மீறிய வோல்டேஜ் வந்தால் ஜவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே பொறி பாய்ந்து ஜவ்வில் துளை விழுந்துவிடும். இங்கேதான் குவாட் 2-வின் அடக்கம் பெருங்குணமாகிறது. ஒரு ஜோடி கே.டி.66 வால்வுகளைக் கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றில் ஒரு பகுதியை அவற்றின் கேத்தோடுகளோடு பிணைத்த வாக்கரின் யுக்தியால் அது தெளிவாக வழங்கும் சக்தி 15 வாட் மட்டுமே. தன் துணைக்குத் தீங்கு செய்யும் பலம் அதனிடம் இல்லை. 1967-ல் வந்த டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபையரான குவாட் 303-உம் 45 வாட்டோடு இந்த மரியாதையைக் காத்தது. அதற்குப் பின் வந்த 405, 100 வாட் வல்லமை பெற்றிருந்தபடியால், பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரோடு அதைச் சேர்ப்பவர்கள் சக்தியைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு சர்க்யூட்டை உள்ளே பொருத்த வேண்டியதாயிற்று.

வாட் கணக்கு இவ்விஷயத்தில் பாதிதான். மீதிப் பாதி இம்பீடன்ஸ் என்கிற மின்னெதிர்ப்பு. இந்த ஸ்பீக்கரின் எதிர்ப்பு தாழ்ந்த ஸ்வரங்களில் முப்பது ஓம் அளவுக்கு உயர்ந்து, ஸ்வரம் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து, செவிக்கு எட்டும் உச்சத்தில் இரண்டு ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். ஆராய்ச்சியின்றிச் செய்யப்பட்ட பலசாலி ஆம்ப்ளிஃபையர்கள் இந்த இறக்கத்தில் நிலைதடுமாறிப் போவதுண்டு. வால்வு ஆம்ப்ளிஃபையரோ, தனக்கே உள்ள எதிர்ப்பின் காரணமாக, அவ்விடத்தில் சற்றே விட்டுக்கொடுத்து உச்சத்தை மிருதுவாக்கிவிடுகிறது. வீணை இசைத்தட்டு ஒன்றை இந்த ஜோடியில் கேட்கிறபோது மீட்டின் கூர்மை காதைக் குத்தாமலும், அதே சமயம் கமகத்தின் கடைசி அசைவு வரை மங்காமலும் வருவதை நான் ஒவ்வொரு தடவையும் ஆச்சரியத்தோடு கவனிக்கிறேன். வேறோர் உயர்ந்த ஆம்ப்ளிஃபையரை வைத்துக் கேட்டால் வீணை இன்னும் பிரகாசமாகக் கேட்கலாம். அந்தப் பிரகாசம் எனக்கு வேண்டியதில்லை.

குவாட் ஜோடிக்கு அடுத்தபடியாக என் மனத்தில் இடம்பெற்றது பி.பி.சி. ஆராய்ச்சித் துறையினர் 1970-களில் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கர். வெளியிட ஒலிபரப்பு வண்டிகளில், பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லாமலும் ஹெட்போன் திருப்தி தராமலும் போன சந்தர்ப்பங்களுக்காகச் செய்யப்பட்டது அது. ஓரடி உயரம்தான், ஆழ்ந்த அடிநாதத்தை அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் அடிநாதத்துக்குச் சற்று மேலே ஒரு சிறு ஏற்றத்துக்கு வடிவமைத்தவர்கள் இடம்கொடுத்து வைத்திருப்பதனால், மனிதக் குரலுக்கு அதில் ஒரு நெஞ்சுரம் கிடைக்கிறது. பாடகர் எம்.டி. ராமநாதன் மந்திர ஸ்தாயியில் நிதானமாக இறங்கி நிற்கிறபோது அந்தச் சின்னப் பெட்டி காட்டுகிற கம்பீரத்தைக் கேட்டவர்கள், அதன் உயரத்தைப் பற்றி மறுபடி பேசமாட்டார்கள். முதலில் வந்த வகையின் எதிர்ப்பு 15 ஓம். ஆகையால் வால்வு ஆம்ப்ளிஃபையரின் 15 அல்லது 16 ஓம் முனையில் அது சுகமாக அமர்கிறது.

அதன் உணர்திறனோ மிகக் குறைவு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 82.5 டெசிபல் ஒலிதான் எழும். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940-களில் அறையின் மூலையில் நிற்கும்படி வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன் நூறு டெசிபலையும் தாண்டுகிறது. சத்தத்தில் ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் சக்தி இரட்டிக்க வேண்டும் என்ற விதிப்படி கணக்கிட்டால், பின்னது ஒரு வாட்டில் செய்கிற காரியத்துக்கு முன்னது கேட்கும் சக்தி பல மடங்கு பெருகி, அது தாங்கவே முடியாத அளவுக்குப் போய்விடும். எனவே பெரிய கூடத்தில் நாகஸ்வரத்தை முழு வீச்சில் கேட்க விரும்புகிறவர் இந்தச் சின்ன ஸ்பீக்கரைத் துன்புறுத்தலாகாது. சிறிய அறையில், கையெட்டும் தூரத்தில், இரவின் அமைதியில் கேட்பவருக்கு அது வாய்த்த செல்வம்.

ஹெட்போன் விஷயத்தில் பழைய ஆம்ப்ளிஃபையர்களின் சுபாவத்தை இக்காலத்தவர் பெரும்பாலும் அறிந்துகொள்வதில்லை. ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாயமைந்த 1970-களின் ரிசீவர்களில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் வைக்கும் வழக்கம் அரிது. ஸ்பீக்கருக்குப் போகிற அதே மின்னோட்டத்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ரெஸிஸ்டர் வழியாக வடிகட்டி முகப்பிலுள்ள துளைக்கு அனுப்பிவிடுவார்கள். மூடியைத் திறந்து அந்தத் துளையின் பின்புறம் பார்த்தால், இருநூறு முதல் ஐந்நூறு ஓம் வரை மதிப்புள்ள ரெஸிஸ்டர்கள் இரண்டு நிற்பதைக் காணலாம். காதுக்கருகே வரும் சத்தத்தையும் இரைச்சலையும் அவை குறைக்கின்றன. பிளக்கைச் செருகும் கணத்தில் முனைகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனாலும் உள்ளேயிருக்கிற டிரான்ஸிஸ்டர்களைக் காப்பாற்றுகின்றன.

அந்தக் காலத்து ஹெட்போன்கள் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்தே பிறந்தவை. ஜெர்மனியின் சென்ஹைசர் 1968-ல் வெளியிட்ட ஹெச்.டி.414, மஞ்சள் நிற ஸ்பாஞ்சு மெத்தைகளோடு காதின் மேல் பாரமே தெரியாமல் அமர்கிற அந்தத் திறந்த ஹெட்போன், 2000 ஓம் எதிர்ப்புள்ளது. அதன்முன் முந்நூறு ஓம் ரெஸிஸ்டர் ஒரு பொருட்டேயன்று. ஆம்ப்ளிஃபையர் கொடுக்கிற வோல்டேஜின் பெரும்பகுதி சேதமின்றிக் காதுக்குப் போய்ச் சேர்கிறது. ஏ.கே.ஜி. கே240-யின் 600 ஓம் வகையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பழைய ரிசீவர் ஒன்றை வாங்கியவர் இவ்விரண்டில் ஒன்றைத் தேடிப் பெற்றாரானால், நூறு புதிய ஹெட்போன்களின் விளம்பரங்களைப் படிக்கும் சிரமம் அவருக்கு மிச்சம்.

கைபேசிக்கென்று செய்யப்பட்ட 32 ஓம் ஹெட்போனை அதே துளையில் செருகினால் நிலைமை தலைகீழாகிறது. ஹெட்போனின் எதிர்ப்பு எல்லா ஸ்வரங்களிலும் ஒரே அளவில் நிற்பதில்லை. பெரும்பாலானவற்றில் அடிநாதத்தின் அருகே அது குன்றுபோல உயர்கிறது. அங்கே எதிர்ப்பு அறுபது ஓமாக ஏறுமென்றால், 330 ஓம் ரெஸிஸ்டருக்குப் பின்னால் அந்த இடம் மட்டும் ஏறத்தாழ 5 டெசிபல் வீங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி வழவழவென்று பரவிப் பாட்டை மூடிவிடும். சென்ஹைசர் ஹெச்.டி.600-ல் இதே விளைவு அளவோடு நிகழ்கிறது. 300 ஓம் என்று குறிக்கப்பட்ட அதன் எதிர்ப்பு 100 ஹெர்ட்ஸ் அருகே ஐந்நூறையும் தாண்டுவதனால், அங்கே 2 டெசிபல் போல ஓர் உயர்வு ஏற்படுகிறது. பழைய இசைத்தட்டுகளில் பலவற்றுக்கு அடிநாதம் மெலிந்திருக்குமாதலால், இந்த உயர்வை நான் மனமார வரவேற்கிறேன். சாஸ்திரப்படி பிசகு என்று சொல்வோர் உண்டு. அவர்களோடு வாதிட நான் விரும்பவில்லை.

பிளேனார் வகை ஹெட்போன்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. யமஹா 1976-ல் வெளியிட்ட ஹெச்.பி.-1 போன்றவற்றில், மெல்லிய ஜவ்வின்மேலேயே கம்பிச்சுருள் பதிக்கப்பட்டிருப்பதால், எதிர்ப்பு அடியிலிருந்து உச்சி வரை அநேகமாக ஒரே நேர்கோடாக நிற்கிறது. எந்த ரெஸிஸ்டர் குறுக்கே நின்றாலும் சத்தம் குறையுமேயன்றி ஸ்வரூபம் மாறாது. இந்த வம்சத்தில் பின்னாளில் வந்த ஹைஃபைமேன் ஹெச்.இ.-6 மிகுந்த சக்தியை விழுங்கும் ஹெட்போன். முகப்புத் துளையைத் தவிர்த்துவிட்டு, நான்கு கம்பிகளாகப் பிரிந்த வயரின் மூலம் பழைய ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளிலேயே அதை நேராக இணைத்துக் கேட்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேர்க்கையைக் கேட்டபின் அவர்களை நான் ஆட்சேபிப்பதில்லை.

ஒரே ஒரு ஜாக்கிரதை மட்டும் அவசியம். பழைய யந்திரங்களில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காலப்போக்கில் வறண்டுபோகின்றன, டிரான்ஸிஸ்டர்களும் தம் நிலையிலிருந்து நகர்ந்துவிடுகின்றன. அதன் பயனாக ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்சாரம் கசியலாம். குவாட் 303 போல ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கண்டென்சரைக் காவலாக நிறுத்திய அமைப்புகளிலும், டிரான்ஸ்ஃபார்மர் குறுக்கே நிற்கிற வால்வு ஆம்ப்ளிஃபையர்களிலும் இந்தப் பயம் குறைவு, மற்றவற்றில் உண்டு. ஆம்ப்ளிஃபையரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சத்தத்தை முற்றிலும் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை இரு முனைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இருபது மில்லிவோல்ட்டுக்குள் காட்டினால் கம்பிகளைச் செருகலாம். ஐம்பதைத் தாண்டினால், அனுபவமுள்ள ரிப்பேர்க்காரர் ஒருவர் அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் வரை, எத்தனை ஆவலாயிருந்தாலும், ஹெட்போனை அதன் பெட்டியிலேயே வைத்திருக்கும்படிதான் நான் சொல்வேன்.