அனிமே தீவிரச் சுவைஞரும் தன்னெள்ளலும்: ‘ஒட்டாக்கு நோ விடியோ’வை முன்வைத்து

ஜப்பானிய அசைவூட்டப் படங்களாகிய அனிமேயை விரும்பிப் பார்ப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். விரும்பிப் பார்ப்போர் எல்லாரும் தீவிரச் சுவைஞர் ஆகார். விருப்பத்தின் அளவு கூடக்கூட ஒருவர் அந்நிலையை எய்துகிறார் என்பதே பொதுவாக நிலவும் கருத்து. மிகுதியாகப் பார்ப்பவர், மிகுதியாகச் சேர்ப்பவர், மிகுதியாகச் செலவிடுபவர் என அளவைக் கொண்டே அவர் அடையாளம் காட்டப்படுகிறார். இக்கருத்து முழுமையானதன்று. பார்ப்பவரின் கண் எதன்மேல் நிலைகொள்கிறது என்பதே வேறுபாட்டின் அடிப்படை எனலாம். கதையைத் தொடர்ந்து சென்ற கண், அக்கதை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதன்மேல் திரும்பும் இடத்தில்தான் தீவிரச் சுவைஞர் பிறக்கிறார். அம்மாற்றத்தால் அவர் பெறுவதும் இழப்பதும் உண்டு. இவ்விரண்டையும், சுவைஞர்களாய் இருந்து படைப்பாளிகளான ஒரு குழுவினரே தம் படைப்பில் விசாரணைக்கு உட்படுத்தியுள்ளனர். 1991-இல் கைனாக்ஸ் நிறுவனம் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘ஒட்டாக்கு நோ விடியோ’ அத்தகையது. அதனை முதன்மைப் பனுவலாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

சொல்லும் அதன் சுமையும்

‘ஒட்டாக்கு’ என்பது ஜப்பானிய மொழியில் ‘தங்கள் இல்லம்’ என்னும் பொருளுடைய மரியாதைச் சொல். அதுவே முன்னிலைப் பெயராகவும் வழங்கும். நெருக்கம் இல்லாதவரை விளிக்கும்போது அவரைச் சுட்டாமல் அவர் வீட்டைச் சுட்டுவது அம்மொழியின் பணிவு. தமிழில் ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்பவரும் வீட்டைச் சொல்லி ஆளைக் குறிக்கிறார். ஆனால் இங்கு வீடு நெருக்கத்தின் அடையாளம். அங்கு அது தொலைவின் அடையாளம். அனிமே, அறிவியல் புனைகதை ஆகியவற்றில் ஈடுபட்ட இளைஞர்கள் தம் வயதொத்த தோழரையும் இச்சொல்லால் விளித்தனர். இவ்வியப்பான வழக்கைப் பற்றிக்கொண்டு, 1983-இல் ‘மங்கா புரிக்கோ’ இதழில் நக்காமோரி அக்கியோ எழுதிய பத்தி அவர்களுக்கு அதனையே பெயராகச் சூட்டிற்று. அப்பத்தி அவர்களின் உடையையும் தோற்றத்தையும் பழகத் தெரியாமையையும் ஏளனம் செய்தது. எனவே, இச்சொல் பிறக்கும்போதே இழிவுப் பொருளுடன் பிறந்தது எனலாம்.

அவ்விழிவு அச்சமாக மாறியது 1989-இல். தோக்கியோ, சைத்தாமா பகுதிகளில் நான்கு சிறுமியர் கொலையுண்ட வழக்கில் ஓர் இளைஞன் கைதானான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிநாடாக்கள் அடுக்கிய அவன் அறை தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டது. குற்றத்தின் காரணம் அந்த அடுக்குகளில் இருப்பதாகவே பார்ப்போர் கருதுமாறு அக்காட்சிகள் அமைந்தன. ஒளிநாடா சேர்க்கும் பழக்கமுடைய எவரும் ஐயத்துக்குரியவர் ஆனார். பெயரிட்ட நக்காமோரியே, அவர் பத்தி வெளிவந்த இதழின் ஆசிரியரான ஓத்சுக்கா எய்ஜியுடன் சேர்ந்து, அதே ஆண்டில் இத்தலைமுறைக்காக வாதாடும் நூல் ஒன்றை வெளியிட நேர்ந்தது. ‘ஒட்டாக்கு நோ விடியோ’ இந்நிகழ்வுக்கு இரண்டே ஆண்டுகள் பின்னர் வெளிவந்தது என்பதை மனங்கொள்ளாமல் அப்படைப்பை அணுகுதல் இயலாது.

கண் மாறிய வரலாறு

1974-இல் ஒளிபரப்பான ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’ தொடரும், 1979-இல் தொடங்கிய ‘கண்டாம்’ தொடரும் முதல் ஒளிபரப்பில் போதிய வரவேற்பைப் பெறவில்லை. திட்டமிட்ட அளவினும் குறைவான பகுதிகளோடு இரண்டும் நிறுத்தப்பட்டன. மறுஒளிபரப்பிலும் திரைப்பட வடிவிலுமே அவை பெருவெற்றி கண்டன. கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து நிறுத்தியவர்கள் சுவைஞர்களே. தாம் காவாவிடில் அழிந்துவிடும் என்னும் உணர்வு அவர்தம் ஈடுபாட்டுக்கு ஒரு பொறுப்புணர்ச்சியைத் தந்தது. 1978-இல் தொடங்கப்பெற்ற ‘அனிமேஜ்’ போன்ற இதழ்கள், படத்தின் இறுதியில் ஓடி மறையும் பெயர்களுக்கு முகம் கொடுத்தன.

இவற்றினும் பெரிய மாற்றத்தை விளைத்தது வீட்டு ஒளிநாடாக் கருவி. ஓடும் படத்தை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், சட்டம் சட்டமாக நகர்த்தலாம். அவ்வாறு நகர்த்திப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை புலனாயிற்று. ஒரே தொடரில், ஒரே பாத்திரம், ஒரு காட்சியில் ஒரு கையாலும் மற்றொரு காட்சியில் வேறொரு கையாலும் வரையப்பட்டிருக்கிறது. கனதா யொஷினோரி (1952-2009) வரைந்த வெடிப்பும் ஒளிக்கீற்றும், வளைந்து திரியும் அவருடைய தொலைக்காட்சிக்கோணமும் பிறருடையவற்றிலிருந்து வேறாகத் தெரிந்தன. இத்தானோ இச்சிரோ வரைந்த ஏவுகணைகள் புகைக்கோடு விட்டுச் சுழன்று செல்லும் முறையைக் கண்டு, பெயர் காணும் முன்பே ‘இது இத்தானோ’ என்று கூறும் பார்வையாளர் உருவாயினர். பாத்திரத்தின் துயரத்தில் பங்கேற்க வேண்டிய நொடியில் வரைந்தவரின் கையைக் காண்பது சுவைக்கு இடையூறாகாதோ எனின், ஆகலாம். எனினும் இக்கண் தமிழுக்கு அயலானதன்று. ஒரு செய்யுளை உரையாசிரியர் சொல் சொல்லாகப் பிரித்து, வேற்றுமை கண்டு, பாடபேதம் நோக்கி, முன்னோர் உரையை மறுத்துச் செல்லும்போது அவர் செய்யுளை இழந்தார் என்று எவரும் கூறுவதில்லை. நுண்ணிதின் நோக்குதலே அவருடைய சுவைப்பு. தீவிர அனிமே சுவைஞரும் ஒருவகையில் எழுதாத உரையின் ஆசிரியரே.

பார்த்தலிலிருந்து ஆக்கலுக்கு

இக்கண் பெற்றவர் வாளா இருப்பதில்லை. 1981-இல் ஓசாக்காவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டின் தொடக்கத்தில் காட்டுவதற்கென மாணவர் சிலர் ஒரு குறும்படம் ஆக்கினர். ஒரு சிறுமி ஒரு குவளை நீரைச் சுமந்துசெல்கிறாள். அரக்க இயந்திரங்கள் வழிமறிக்கின்றன. நீரைக் காத்துச் சென்று வாடிய முள்ளங்கி ஒன்றின்மேல் ஊற்றுகிறாள். அது விண்கலம் ஆகிறது. மாநாட்டின் பெயர் ‘தாய்க்கான்’. ஜப்பானிய மொழியில் முள்ளங்கிக்கும் ஏறக்குறைய அதே ஒலி. இச்சிலேடையைப் பொருளாகக் கொண்ட அப்படத்தை ஆக்கியவருள் அன்னோ ஹிதேயாக்கி, யமாகா ஹிரோயுக்கி, அக்காய் தக்காமி ஆகியோர் அடங்குவர். 1983-ஆம் ஆண்டு மாநாட்டுக்கு அக்குழுவினர் ஆக்கிய இரண்டாம் படம் இன்னும் துணிவுடையது. பிறர் படைத்த பாத்திரங்கள் எண்ணற்றோர் அதில் தோன்றுகின்றனர். எவரிடமும் இசைவு பெறப்படவில்லை. பின்னணிப் பாடலுக்கும் இல்லை. உரிமைச் சட்டத்தின்படி அது திருட்டு. ஆனால் கற்றவற்றை ஒப்புவிக்கும் மாணாக்கனின் அரங்கேற்றமும் அதுவே. 1984-இல் இக்குழுவினரே கைனாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இரு பாதிகளின் முரண்

மோரி தக்கேஷி இயக்கிய ‘ஒட்டாக்கு நோ விடியோ’, ஒக்காதா தொஷியோவின் எழுத்தில் உருவானது. அதன் வரைபடப் பகுதி இக்குழுவின் வரலாற்றையே பகடியாக்குகிறது. டென்னிஸ் ஆடி, காதலியோடு உலவும் கூபோ என்னும் மாணவன் 1982-இல் பழைய பள்ளித்தோழன் தனாக்காவைச் சந்திக்கிறான். அவனுடைய நண்பர்களின் ஈடுபாடு கூபோவையும் பற்றுகிறது. காதலி விலகுகிறாள். ஏளனத்துக்கு ஆளான கூபோ, ஒட்டாக்குகளுக்கெல்லாம் அரசனாவேன் என்று சூளுரைக்கிறான். பொம்மைக் கருவித்தொகுதிகள் விற்று வணிகம் பெருகுகிறது, கைநழுவுகிறது, மீண்டும் எழுகிறது, ஒட்டாக்குகளுக்கெனக் கேளிக்கைப் பூங்காவே எழுப்பப்படுகிறது. இறுதியில் நண்பர்கள் விண்வெளிக்குப் புறப்படுகின்றனர்.

இக்கதை இடையிடையே அறுபட்டு, நடிகர்களைக் கொண்டு படமாக்கிய நேர்காணல்கள் வருகின்றன. ‘ஒட்டாக்குவின் உருவச்சித்திரம்’ என்பது அவற்றின் தலைப்பு. முகம் கட்டங்களால் மறைக்கப்பட்டு, குரல் மாற்றப்பட்டு, குற்றச் செய்திப் படம் போலவே அவை காட்டப்படுகின்றன. ஒருவர் தம் பழைய ஈடுபாட்டை மறைத்து வாழும் அலுவலர். மற்றொருவர் நிறுவனங்களிலிருந்து அனிமே வரைதாள்களைத் திருடுபவர். இன்னொருவர் இக்கலைமேல் கொண்ட காதலால் ஜப்பானுக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டவர். அனைவரும் புனைவு மாந்தர். எனினும் 1989-இன் தொலைக்காட்சிக் காட்சிகளைக் கண்ட ஜப்பானியப் பார்வையாளர்க்கு இவ்வடிவம் எதனை நினைவூட்டியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரைபடப் பகுதி ஒட்டாக்கு தன்னைப் பற்றிக் காணும் கனவு. நேர்காணல் பகுதி சமூகம் அவனைப் பற்றிக் காணும் கெட்ட கனவு. இரண்டுமே மெய்யல்ல. படைப்பு இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் அருகருகே வைத்து மாறிமாறிக் காட்டுவதில்தான் அதன் நுட்பம் உள்ளது. கனவு உயரும்போதெல்லாம் நேர்காணல் அதனைக் கீழிறக்குகிறது. சமூகம் கையாண்ட இழிவுபடுத்தும் வடிவத்தையே எடுத்துப் பூண்டு, ‘நீங்கள் சொல்வதை நாங்களே உங்களினும் நன்றாகச் சொல்வோம்’ என்று காட்டும் தன்னெள்ளல் இது. ஆக்கம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் கண்டு பழகிய கண், இங்குத் தன் உருவம் ஆக்கப்பட்ட முறையையும் கண்டுகொள்கிறது.

ஆயினும் இத்தன்னெள்ளலுக்கு எல்லை உண்டு. கட்டமிட்ட முகத்தையும் மாற்றிய குரலையும் பகடி செய்யும் இப்படைப்பு, அவ்வடிவம் எதன்பொருட்டுத் தோன்றியதோ அந்த நான்கு சிறுமியரின் இறப்பைப் பற்றி மௌனம் காக்கிறது. திருடனைப் பார்த்துச் சிரிக்கலாம். அதற்கு அப்பால் சிரிப்பு செல்லாது. சிரிப்புக்கு எட்டாத இடத்தை அது தொடாமல் விட்டது பண்பா, தப்பித்தலா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இரண்டும் கலந்தது என்று கொள்வதே பொருந்தும்.

மற்றொரு குறை வெளிப்படையானது. கூபோவின் வட்டத்தில் பெண்ணும் உண்டு. ஆனால் அரசனாக விரும்புவதும் வீழ்வதும் எழுவதும் ஆடவரே. வரலாறு அவ்வாறன்று. 1975 திசம்பரில் தோக்கியோவில் தொடங்கிய ‘காமிக் மார்க்கெட்’ என்னும் சுவைஞர் சந்தைக்கு முதலில் வந்த ஏறத்தாழ எழுநூறு பேரில் பெரும்பாலோர் பள்ளி மாணவியர். ‘ஒட்டாக்கு’ என்றதும் கண்ணாடி அணிந்த ஆடவன் ஒருவனே கண்முன் நிற்குமாறு செய்ததில் ஏளனம் செய்தவர்க்கு உள்ள பங்கு, தம்மையே ஏளனம் செய்துகொண்டவர்க்கும் உண்டு.

கோட்பாட்டாளர் நோக்கு

ஒக்காதா 1996-இல் ஒட்டாக்கு இயலுக்கு ஒரு நுழைவாயில் நூல் எழுதினார். ஒட்டாக்குவுக்கு மூன்று கண்கள் உண்டு என்பது அவர் கருத்து: அழகைத் தனக்கே உரிய முறையில் கண்டு மகிழும் கண், தொழில்நுட்பத்தை ஆராயும் கைவினைஞர் கண், ஆக்கத்தின் பின்னணியை அறிந்த துறைபோகியவர் கண். இது சுவைஞரை உயர்த்திப் பிடிக்கும் வாதம். தம் குழுவுக்கே வழங்கிக்கொண்ட பட்டயம் என்றும் கூறலாம். ஹிரோக்கி அசுமா 2001-இல் எழுதிய நூல் இதற்கு எதிர்நிலையில் நிற்கிறது. பெருங்கதையாடல்கள் சிதைந்த பின்நவீனச் சூழலில் ஒட்டாக்கு கதையை நாடவில்லை. பூனைக்காது, பணிப்பெண் உடை, கூந்தல் நிறம் எனப் பாத்திரக் கூறுகள் அடங்கிய தரவுத்தளத்தையே நாடுகிறார். அவ்வப்போது எழும் தேவை அவ்வப்போது நிறைவுறுகிறது. இதுவே ‘விலங்காதல்’ என்பது அவர் துணிபு.

அசுமாவின் கருத்து நுகர்வை நன்கு விளக்குகிறது. ஒரு சந்தையில் எதற்கு விலை கிடைக்கும் என்பதை அறிய அதனினும் சிறந்த கருவி கிடைப்பது அரிது. ஆனால் விலங்குக்கு வெட்கம் இல்லை. ‘ஒட்டாக்கு நோ விடியோ’வின் ஒவ்வொரு சட்டத்திலும் வெட்கம் இருக்கிறது. கடந்த காலத்தை மறைக்கும் அலுவலரின் வெட்கத்தை எந்தத் தரவுத்தளமும் தாங்காது. பிறர் கண்ணில் தான் எவ்வாறு தெரிகிறோம் என்பதை அறிந்தும், அறிந்தமையாலேயே வருந்தியும், அவ்வீடுபாட்டை விடாதிருப்பவரே தீவிரச் சுவைஞர். அசுமாவின் கோட்பாட்டில் இடம்பெறாமல் போனது இதுவே.

கேமரா திரும்பிய கணம்

தன்னெள்ளல் எட்டாத இடத்தை அதே நிறுவனத்தின் பிறிதொரு படைப்பு எட்டியது. அன்னோ இயக்கிய ‘நியோன் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ தொடர் (1995-1996) தன் இறுதி இரு பகுதிகளில் போரைக் கைவிட்டு நாயகனின் மனத்துக்குள் புகுந்தது. தீவிரச் சுவைஞர் பலர் சினந்தனர். 1997 சூலையில் வெளிவந்த திரைப்படம் அவர்களுக்கு அளித்த விடை கடுமையானது. உச்சக்கட்டத்தில் வரைபடம் நின்றுபோகிறது. திரையரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் நடப்புப் படமாகத் திரையில் தோன்றுகின்றனர். சட்டம் சட்டமாகப் பிறர் கையைக் கண்டவர் இப்போது தாமே சட்டத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். ‘ஒட்டாக்கு நோ விடியோ’வில் கட்டங்கள் மறைத்த முகம் இங்கு மறைப்பின்றி நிற்கிறது, சிரிப்பதற்கு இடமில்லை. முன்னதில் இருந்த தோழமை பின்னதில் இல்லை என்பதும் உண்மை. அன்னோ தம் பார்வையாளரை வெறுத்தார் என்று கொண்டோர் உண்டு. தம்மை வெறுத்தவர் தம்மைப் போன்றவரையும் விலக்கிவைக்க முயன்றார் என்பதே கூடுதல் பொருத்தமுடையது.

ஒக்காதா 2008-இல் ஒட்டாக்கு இறந்துவிட்டார் என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். அறிவைத் தேடி உழைத்த தலைமுறை மறைந்து, தாம் விரும்புவதை விரும்புவதே போதும் என்னும் தலைமுறை வந்துவிட்டது என்னும் குறை அதில் ஒலிக்கிறது. முதுமையடைந்த எல்லாச் சுவைஞர் கூட்டமும் கூறும் குறை இது. கூபோவின் கற்பனை நிறுவனம் வீழ்ந்து எழுந்தது. கைனாக்ஸ் 2024-இல் நொடிப்பு அறிவித்தது. அன்னோ முன்னரே விலகித் தனி நிறுவனம் அமைத்து, 2021-இல் ‘எவாஞ்சலியன்’ வரிசையின் இறுதித் திரைப்படத்தை வெளியிட்டார். அதன் முடிவில், வளர்ந்துவிட்ட நாயகன் ஒரு தொடர்வண்டி நிலையத்திலிருந்து தோழியின் கைபற்றி ஓடுகிறான். வரைபடம் மெல்ல நடப்புப் படத்தோடு கலக்கிறது. வானிலிருந்து பார்க்கும் கேமராவின் கீழ் விரிவது அன்னோ பிறந்த ஊபே நகரம்.