போர்த் திரைப்படங்களில் படைவீரனின் மொழி

பெங்களூரில் தமிழ் வேரூன்றியதற்குப் படையே முதன்மையான காரணங்களுள் ஒன்று எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்குத் தண்டுப்பகுதியை நிறுவியபோது, சென்னை மாகாணப் படையினரும் அவர்களை அண்டிப் பிழைத்த வணிகரும் தொழிலாளரும் தமிழ் வழங்கும் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். 1949இல் தண்டுப்பகுதி நகரோடு இணைக்கப்பட்ட பின்னரும் அக்குடியிருப்புகளின் மொழி மாறிவிடவில்லை. தண்டுப்பகுதிக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலைப் பக்கமாக அமைந்த அடுகோடியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. மாநகர ஆயுதப்படைக் காவலரின் வளாகமும் அங்கு உள்ளது. இத்தகைய இடத்தில் ஒரு போர்த் திரைப்படத்தைக் காண்போருக்கு, ஒற்றைமொழிச் சூழலில் எளிதில் எழாத வினா ஒன்று எழும்: திரையில் தோன்றும் படைவீரன் உண்மையில் எந்த மொழி பேசுபவன்?

கர்நாடகத்தில் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல்மாற்றி வெளியிடுவதற்குத் திரைத்துறையினர் நெடுங்காலம் தடையாக நின்றனர். இந்தியப் போட்டி ஆணையம் அத்தடைக்கு எதிராக 2015இல் தீர்ப்பளித்தது. ஆகவே 1992இல் வெளிவந்த 'ரோஜா' போன்ற படங்களை இப்பகுதியினர் கன்னடக் குரலில் கேட்கும் வாய்ப்புப் பெறவில்லை. தமிழறியாதோரும் தமிழிலேயே அவற்றைக் கண்டனர். போர்ப் படங்களைப் பற்றிய திறனாய்வுகள் நாட்டுப்பற்று, மிகைநடிப்பு, வரலாற்றுப் பிழை ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. மொழியைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும் ஒரு படம் யாரை மனிதராகக் காண்கிறது, யாரை வெறும் இலக்காகக் காண்கிறது என்பது, அது யாருக்கு மொழி தருகிறது என்பதிலேயே முதலில் வெளிப்படுகிறது.

சொற்களின் வரலாறு

படைவீரனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களே இச்சிக்கலைக் காட்டுகின்றன. 'பட்டாளம்' ஐரோப்பிய மொழிவழி வந்தது. 'சிப்பாய்', 'சுபேதார்', 'அவில்தார்' ஆகியன பாரசீக, அரபுத் தொடர்புடையன. 'மிலிட்டரிக்காரர்' ஆங்கிலச் சொல்லோடு தமிழ் விகுதி சேர்ந்தது. 'போர்வீரர்', 'படைவீரர்' என்பன எழுத்து வழக்குக்கு உரியன. ஊரில் விடுப்பில் வந்திருப்பவரை எவரும் 'போர்வீரர் வந்திருக்கிறார்' என்று சொல்வதில்லை. திரைப்பட உரையாடல் எழுதுவோரும் இதனை அறிவர். எனவே வீட்டுக் காட்சியில் 'மிலிட்டரி'யும், இறுதிக் காட்சியில் 'வீரர்', 'வீரமரணம்' ஆகியனவும் வருகின்றன. ஒரே மனிதன் இரண்டு சொல்லடுக்குகளில் வாழ்ந்து மறைகிறான்.

'வீரமரணம் அடைந்தார்' என்னும் தொடர் இங்குச் சற்று நின்று நோக்கத்தக்கது. தமிழக நடுகற் கல்வெட்டுகள் போரில் இறந்தவனைப் 'பட்டான்' என்றே குறிக்கின்றன. ஆநிரையை மீட்டுப் பட்டான், ஊரழிவில் பட்டான் என்பதே அவற்றின் முறை. 'படு' என்னும் வினையில் தாக்குண்ட உடல் இருக்கிறது. அவனுக்கு ஏதோ நேர்ந்தது என்னும் பொருள் இருக்கிறது. 'அடைந்தார்' என்பதிலோ இறப்பு ஒரு பேறாகிவிடுகிறது. அடுகோடியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள பேகூரின் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் பழங்கன்னட வீரக்கல் ஒன்று உள்ளது. 'பெங்களூர்' என்னும் பெயர் காணப்படும் மிகப் பழைய சான்று அதுவே. நாகத்தரனின் மகன் பெங்களூர்ப் போரில் மடிந்ததை அது கூறுகிறது. இந்நகரின் பெயர் வரலாற்றில் முதன்முதலாக ஒரு படைவீரனின் சாவுச் செய்தியில்தான் பதிவாகியுள்ளது. பேகூரில் கிடைத்து இன்று கஸ்தூரிபா சாலை அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு கல்லில் யானைகளும் குதிரைகளும் மோதும் களம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் எழுத்து எதிர்த்தரப்பு மன்னனாகிய வீரமகேந்திரனின் பெயரையும் சொல்கிறது. எதிரிக்கும் பெயர் தந்த கல் அது. இன்றைய திரைப்படங்கள் பல அந்த அளவுக்கும் செல்வதில்லை.

எதிரி பேசும் தமிழ்

1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரைப் பின்புலமாகக் கொண்டு, தாதா மிராசியின் இயக்கத்தில் 1963இல் 'இரத்தத் திலகம்' வெளிவந்தது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த இப்படத்தில் சீனப் பாத்திரங்களும் தமிழே பேசுகின்றன. இதனைக் குறையாகக் கொள்வதற்கில்லை. நாடக மேடை மரபில் எல்லா நாட்டவரும் அவையோரின் மொழியையே பேசுவர். கம்பனின் அரக்கரும் தமிழே பேசினர். மேலும் இம்மரபு எதிரிக்கு வாதாடும் வாய்ப்பைத் தருகிறது. அவன் கூற்று தவறாக இருக்கலாம். ஆனால் அது கூற்றாக இருக்கிறது.

பிற்காலத்தில் 'இயல்பு' என்னும் அளவுகோல் வந்தபோது இம்மரபு கைவிடப்பட்டது. எதிரி அவன் மொழியிலேயே பேசட்டும் என்பது நேர்மையான கோட்பாடுதான். நடைமுறையில் அது அவன் பேச்சைக் குறைத்துவிட்டது. காஷ்மீரைக் களமாகக் கொண்ட தமிழ்ப் படங்களில் அம்மண்ணின் மொழியாகிய காஷ்மீரி பெரும்பாலும் கேட்பதே இல்லை. இந்தியும் உருதும் அதற்குப் பதிலாக நிற்கின்றன. தமிழ்ப் பார்வையாளருக்கு இவையனைத்தும் ஒரே வடக்கத்தி ஓசையாகச் சென்று சேர்கின்றன. துணையெழுத்து இல்லாதபோது அவ்வோசை அச்சுறுத்தல் என்னும் ஒரே பொருளைத்தான் தரும்.

'ரோஜா'வின் கதை முழுவதும் மொழியறியாமையின் மீது கட்டப்பட்டது. கணவனைத் தேடும் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தி தெரியாது. அவள் முறையிடுவதைப் புரிந்துகொள்ள நாசர் ஏற்ற தமிழறிந்த படையதிகாரி பாத்திரம் தேவைப்படுகிறது. இந்தியப் படை அவளிடம் தமிழில் பேசத் தொடங்கும் இடத்தில்தான் நாடு அவளுக்கு நெருக்கமாகிறது. இப்படம் இந்தியில் குரல்மாற்றம் பெற்றபோது நாயகியும் இந்தியே பேசினாள். தமிழில் அவளைத் தனிமைப்படுத்திய முடிச்சு அங்கு இறுக்கம் இழந்தது. தமிழ் வடிவம் மொழிவேறுபாட்டை ஒரு காயமாக முன்வைத்தது. இந்தி வடிவத்தில் அக்காயத்திற்கே இடமில்லை. மொழிபெயர்ப்பாளர் எவரும் செய்த பிழையன்று இது. குரல்மாற்றம் என்னும் முறையே ஒரு படத்தில் ஒரு மொழிதான் உண்டு என்று நம்புகிறது.

முழக்கங்களும் கட்டளைகளும்

ராஜ்குமார் பெரியசாமி இயக்கத்தில் 2024இல் வெளிவந்த 'அமரன்', 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. இறப்புக்குப் பின் அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. சிவகார்த்திகேயன் ஏற்ற அப்பாத்திரத்தின் வாழ்வு, சாய் பல்லவி ஏற்ற மனைவியின் நினைவாக விரிகிறது. மனைவி மலையாளி, கணவன் தமிழன், அவன் சேர்ந்ததோ இராஜபுத்திரப் படைப்பிரிவு. இவ்வாறு மூன்று மொழிகளின் சந்திப்பில் நிற்கும் ஒரு வாழ்க்கை தமிழ்ப் போர்ப் படங்களில் அரிது. வீட்டுப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று கேலிசெய்தும் கொஞ்சியும் பழகுவது இப்படத்தின் உயிர்ப்பான கூறாகும். களத்திற்குச் சென்றதும் இம்மொழி நுட்பம் தேய்கிறது. காதலியின் தாய்மொழிக்குச் செவிகொடுத்த படம், துப்பாக்கி முனையில் நிற்கும் ஊராரின் தாய்மொழிக்கு அதே செவியைத் தரவில்லை.

இப்படத்தில் ஒலிக்கும் 'பஜ்ரங் பலி' முழக்கம் தமிழகத்தில் கண்டனத்திற்கு உள்ளானது. அது அப்படைப்பிரிவின் மரபான போர்முழக்கம் என்பது உண்மை. ஆனால் படைமுகாமில் அதற்குள்ள பொருளும், இன்றைய தமிழகத் திரையரங்கில் அதற்குள்ள பொருளும் ஒன்றல்ல. சொல்லை அப்படியே கொண்டுவந்தால் பொருள் மாறாது என்று கருதுவது மொழிபெயர்ப்பில் பழகிய பிழை. முழக்கம் மெய்யானது என்னும் விடை, அதனைக் கேட்போர் யார் என்னும் வினாவைத் தீர்த்துவிடுவதில்லை.

இதற்கு இணையாக மதராஸ் படைப்பிரிவின் முழக்கத்தை வைத்துப் பார்க்கலாம். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அது. இதன் மொழியமைப்புச் சுவையானது. 'வீர' வடசொல். 'மதராசி' வடநாட்டார் தென்னாட்டார் அனைவருக்கும் சூட்டிய, பல வேளைகளில் இளக்காரமாக வழங்கிய பெயர். இங்கு அது பெருமைப் பெயராக எடுத்தாளப்படுகிறது. 'கொல்லு' எழுத்துத் தமிழின் ஏவலாகிய 'கொல்' அன்று, பேச்சு வழக்கு. மலையாளிக்கும் அது அந்நியமன்று. தென் மாநிலங்கள் அனைத்திலிருந்தும் ஆள் சேர்க்கும் படைப்பிரிவுக்கு இலக்கணத் தமிழைவிட இக்கலப்புத் தமிழே பொருந்தியது போலும். அப்படையினரைப் பிறர் 'தம்பி' என்றழைப்பதும் உண்டு. கட்டளைமொழி இந்தியாக உள்ள படையில் முழக்கமும் உறவுப்பெயரும் மட்டும் தமிழில் எஞ்சியுள்ளன. இவ்விடைவெளியைத் தமிழ்த் திரைப்படம் இதுவரை தன் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியில் ஆணை பெற்று, மனத்துள் தமிழில் அதனை மொழிபெயர்த்து, அதற்குப் பின் நகரும் அந்தக் கணம் எந்தத் திரைக்கதையிலும் அழுத்தமாக இடம்பெறவில்லை.

போரே தமிழில் நிகழும்போது

ஈழப்போர் இச்சிக்கலை வேறொரு வடிவில் முன்வைக்கிறது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) சென்னைத் தமிழ் பேசும் சிறுமியை, ஈழத்தில் போராளியாகியுள்ள தாயைத் தேடி அனுப்புகிறது. இங்கு எல்லை இரண்டு தமிழ்களுக்கு நடுவே ஓடுகிறது. சிங்களவர் தரப்பின் மனிதமுகமாக, பிரகாஷ் ராஜ் ஏற்ற மருத்துவர் பாத்திரம் தமிழ் பேசி வழிகாட்டுகிறது. அவர் தமிழ் பேசுவதாலேயே நமக்கு நெருக்கமாகிறார் என்பது இப்படத்தின் வலிமையும் வரம்பும் ஆகும்.

'போராளி', 'தீவிரவாதி', 'பயங்கரவாதி' என்னும் மூன்று சொற்களுள் ஒன்றைத் தேர்வதே தமிழில் ஒரு நிலைப்பாடாகிவிடுகிறது. ஆங்கிலத்திலிருந்து செய்தியை மொழிபெயர்ப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர் இது. காஷ்மீர்ப் படத்தில் பின்னிரு சொற்களும் தயக்கமின்றி வருகின்றன. ஈழப் படத்தில் முதற்சொல் வருகிறது. இடம் மாறினால் சொல் மாறுகிறது. துப்பாக்கி ஏந்திய கை அதே கைதான் என்று வாதிடுவோரும் உளர், அன்று என்போரும் உளர். அவ்வழக்கைப் படங்கள் விசாரிப்பதில்லை, சொற்றேர்விலேயே தீர்ப்பெழுதிவிடுகின்றன.

ழாக் ஓதியார் இயக்கிய 'தீபன்' (2015) பிரெஞ்சுப் படமாயினும் அதன் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற அப்படத்தின் நாயகனாக நடித்தவர், தம் இளமையில் புலிகள் இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. இறந்தவன் ஒருவனின் கடவுச்சீட்டில் பாரிசுக்கு வரும் முன்னாள் போராளி, அறிமுகமற்ற ஒரு பெண்ணையும் சிறுமியையும் குடும்பமாகக் காட்டி வாழ்கிறான். வெளியே அவன் மொழி தடுமாறும் பிரெஞ்சு. குடியிருப்பின் குப்பையை அகற்றும் காவலாளுக்கு அதற்கு மேல் சொல் தேவைப்படுவதில்லை. பழைய தளபதி ஆயுதம் திரட்ட அவனை ஏவும் காட்சியில் கட்டளையும் தமிழ், தன் போர் முடிந்துவிட்டது என்னும் மறுப்பும் தமிழ், அதற்காக வாங்கும் அடியும் தமிழிலேயே விழுகிறது. போதையில் இயக்கப் பாடலொன்றைத் தனியே பாடும்போது அம்மொழி அவனை மீண்டும் களத்திற்கே இழுக்கிறது. படைவீரனின் அகமும் போரின் கட்டளையும் ஒரே மொழியில் இருக்கும்போது, அவன் அடைக்கலம் புகத் தாய்மொழியும் இல்லாமற் போகிறது. தமிழறியாத இயக்குநர் ஒருவர் துணையெழுத்து படிக்கும் அவையோருக்காக எடுத்த இக்காட்சிகளில், தமிழறிந்தோருக்கு மட்டுமே துணையெழுத்தின் இடையீடின்றி ஏவலின் கடுமை நேரே வந்து சேர்கிறது.