வியாபார நீதி: திருப்பூர் வட்டாரத்து மரபுகள்

வாங்குகிறவரும் விற்கிறவரும் மனமொப்பிப் பேசி முடித்த விலை எதுவாயினும் அது நியாயமான விலைதானா, அன்றி அதற்கும் மேலான ஓர் அளவுகோல் உண்டா என்ற கேள்வி தமிழருக்குப் புதியதன்று. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி வாணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம்முடையது போலப் பேணிச் செய்வதே வாணிகம் என்று திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் விதிக்கிறது. அதே பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் புலி முத்திரை பொறித்த பிறகே பண்டங்கள் நகர்ந்தன என்பதையும் பட்டினப்பாலையே கூறுவதால், சந்தையும் சர்க்காரும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கிய காலம் நம் இலக்கிய நினைவுக்கு எட்டியவரை இல்லையென்றே கொள்ளலாம்.

நம் காலத்துக்கு வந்தால், சுதந்திரச் சந்தையின் பக்ஷத்தை இந்நாட்டில் ராஜாஜியைப் போல் தெளிவாக எடுத்துரைத்தவர் வேறொருவர் இல்லை. 1952-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானவுடன் உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் நீக்கியபோது பஞ்சம் வருமென்று பலர் அஞ்சினார்கள். பதுக்கிய நெல் வெளியே வந்ததேயன்றிப் பஞ்சம் வரவில்லை. அந்த அனுபவத்தின் பலத்தில்தான் 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்ற மூன்றின் ஆட்சியை அவர் ஓயாமல் கண்டித்தார். திருப்பூரின் பனியன் தொழிலை அறிந்தவர்களுக்கு அந்தக் கண்டனத்தின் உண்மை நன்கு விளங்கும். 1974 முதல் 2004 முடிய உலக ஜவுளி வியாபாரத்தைக் கட்டியாண்ட பல்லிழை ஒப்பந்தத்தின் கீழும் அதன் வழிவந்த ஏற்பாட்டின் கீழும், எந்த நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்பதை கோட்டாவே நிர்ணயித்தது. நல்ல சரக்கும் நல்ல விலையும் கையிலிருந்தும் கோட்டா இல்லாதவர், அதை வைத்திருந்தவரிடம் பிரீமியம் கொடுத்து வாங்க நேர்ந்தது. துணி ஒரு முழமும் நெய்யாமல், ஊசி ஒன்றும் ஓடாமல், காகிதத்தை விற்றே ஒருவர் லாபம் காண முடிந்த ஏற்பாட்டை நியாயமென்று சொல்ல எவருக்கும் நா எழாது.

ராஜாஜியின் அதே காந்தி முகாமிலிருந்து முற்றிலும் வேறான திசையில் போனவர் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா. கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துவிட்டுக் கிராமக் கைத்தொழில்களுக்கே வாழ்வை ஒப்படைத்த அவர், சிறையிலிருந்து எழுதி 1945-ல் வெளிவந்த நூலில் நிலைத்து நிற்கும் பொருளாதாரத்துக்கு இலக்கணம் வகுத்தார். ஒரு பண்டத்தை வாங்குகிறவன் அது எப்படி உண்டாயிற்று என்பதற்கும் பொறுப்பாளி. அதன் உற்பத்தியில் பிறருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் அவனுக்கும் பங்குண்டு என்பது அவருடைய சித்தாந்தம். அவருடைய வழியைக் கடைப்பிடித்திருந்தால் இவ்வளவு பெரிய ஏற்றுமதி நகரம் எழுந்திராது என்பது மெய்யே. ஆயினும் அவர் கேட்ட கேள்வி இந்த வட்டாரத்தை விட்டு அகலவில்லை. 2013-ல் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டபின், ஐரோப்பியக் கடைக்காரர்கள் ஆடிட் என்றும் சர்டிபிகேட் என்றும் நம் கம்பெனிகளின் அவசர வழிகளையும் தீயணைக்கும் கருவிகளையும் எண்ணத் தொடங்கியது, குமரப்பா சொன்னதன் ஒரு சிறு பகுதியைக் காலம் தாழ்த்தி ஒப்புக்கொண்டதேயாகும். உருப்படிக்குக் கொடுக்கும் விலையை ஒரு காசு உயர்த்தாமல் நிபந்தனைகளை மாத்திரம் உயர்த்துவது அவருடைய கருத்தன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது மரபு தொழிற்சங்கங்களுடையது. சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய நாள் தொட்டு வந்த அந்த மரபு, திருப்பூரில் 1984-ம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் தன் உச்சத்தைக் கண்டது. பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் 127 நாட்கள் வேலைக்குப் போகாதிருந்தார்கள். முதலாளிகளின் சங்கங்களும் பல கட்சித் தொழிற்சங்கங்களும் ஒரே மேஜையில் அமர்ந்து, கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங் என்று வேலைவாரியாகத் தொழில் முழுமைக்கும் கூலி பேசிக் கையெழுத்திடும் வழக்கம் இந்நகரின் பெருமைகளுள் ஒன்று. சந்தை தானே ஏற்படுத்தாததும், சர்க்கார் மேலிருந்து திணிக்காததுமான ஒரு நியாயம் இரு தரப்பாரும் பேசிப் பேசியே உருவாகும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி நம்மிடையே இல்லை.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் எல்லையையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். திருப்பூரின் நெருப்பெரிச்சல் பகுதியில் எந்தக் கம்பெனி வாசலில் நின்று கேட்டாலும், வேலை நேரத்தை மணிக்கணக்கில் சொல்ல மாட்டார்கள். “ஒன்றரை ஷிப்ட்” என்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது அதன் பொருள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டக் காலந்தொட்டே சட்டம் மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டுமென்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்க, அந்தக் கடைசி நான்கு மணி நேரம் பல இடங்களில் அரை ஷிப்டாகவே, அதாவது ஒற்றைக் கூலியாகவே, சனிக்கிழமைச் சம்பளக் கணக்கில் ஏறுகிறது. தொழிலாளியும் சம்மதித்தேதான் வருகிறார் என்று வாதிப்பவர்கள் உண்டு. வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒரு ஷிப்டில் அடங்காத நிலையில் தரப்படும் சம்மதத்தை முழுச் சம்மதமென்று என் மனம் ஏற்கவில்லை.

இத்தனை மரபுகளும் தம் முழு வன்மையோடு மோதிய இடம் நொய்யல் ஆறு. சாயப்பட்டறையும் சலவைப்பட்டறையும் பெருகியபோது, உப்பும் சாயமும் கலந்த கழிவு நீர் ஆற்றோடு இறங்கி, பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. தண்ணீருக்காகத் தவங்கிடக்கும் கொங்கு நாட்டில், அணை நீரைத் தம் வயலுக்குத் திறந்துவிட வேண்டாமென்று விவசாயிகளே மன்றாடும் விபரீதம் அங்கே நேர்ந்தது. சாயம் போட்டவரும் போடச் சொன்னவரும் கிலோவுக்கு இவ்வளவு என்று மனமொப்பிப் பேசிய விலையில் ஒரு குறையும் இல்லை. அந்த விலையில் சேராத செலவு கிணற்றுக்கும் நிலத்துக்கும் கால்நடைக்கும் போய்ச் சேர்ந்தது; அவற்றின் சொந்தக்காரர் அந்தப் பேரத்தில் ஒரு வார்த்தை பேச அழைக்கப்படவில்லை.

நியாயத்தைத் தேடி அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டுமென்ற கொள்கையை, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாதென்று ஆணையிட்டு, விடும் நீருக்கு லிட்டர் கணக்கில் அபராதமும் விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்பொழுதும் கழிவு நிற்காமற் போகவே, 2011 ஜனவரி 28-ந் தேதி சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே ஆணையில் நின்றன. சாயம் போடத் துணியை வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். வேலையிழந்தவர்கள் பிற தொழில்களைத் தேடிப் போனார்கள். அந்தத் துன்பத்தைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஆயினும் பின்னர் நடந்ததைப் பாருங்கள்: மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனளிக்க, பட்டறைக்காரர்கள் தம் பங்கையும் வங்கிக் கடனையும் சேர்த்து, எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளையும் ஆவியாக்கும் கலன்களையும் அமைத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதுப்பித்தார்கள். கழிவு நீரிலிருந்து நீரையும் மீட்டு, உப்பையும் மீட்டு, இரண்டையும் மறுபடி சாயத்துக்கே செலவிடும் அந்த முறையைக் கண்டுவர இன்று பிற மாநிலத்தார் திருப்பூருக்கு வருகிறார்கள். ஏற்றுமதியும் அழியவில்லை, 2024-25-ல் அது ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. கண்டிப்பான விதி வந்தால் தொழில் மாண்டுவிடும் என்ற வாதத்துக்கு இந்த ஊரே மறுமொழி. விதியோடு கடனுதவியும் வரவேண்டும், எல்லாப் பட்டறைக்கும் ஒரேவிதமாக வரவேண்டும் என்பதையும் அதே சரித்திரம் கற்பிக்கிறது. ஏனெனில் விதிக்கு அடங்கி நடப்பவன் நஷ்டப்பட, இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுபவன் லாபம் காண்பது சந்தைக்கும் விரோதம், தர்மத்துக்கும் விரோதம்.

நூல் விலையைப் பற்றிய வழக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நூல் ஏறும்போது பனியன் உற்பத்தியாளர் நூல் ஏற்றுமதியைத் தடுக்கச் சொல்வார். மில்காரர் நூலைத் தடுக்காமல் பஞ்சு ஏற்றுமதியைத் தடுக்கச் சொல்வார். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பருத்தி விளைவிப்பவர் எதையுமே தடுக்கக் கூடாதென்பார். 2012 மார்ச்சில் மத்திய அரசு பஞ்சு ஏற்றுமதிக்குத் தடை விதித்துச் சில நாட்களிலேயே தளர்த்த நேர்ந்தது இந்த இழுபறியால்தான். தாம் விற்பதற்குச் சுதந்திரமும் தாம் வாங்குவதற்குக் கட்டுப்பாடும் வேண்டுவது மனித சுபாவம். கொள்கையென்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

ஆகவே ஒரு கட்டுப்பாடு நல்லதா தீயதா என்று தீர்மானிக்க, பேரத்தில் அமராத ஒருவர்மேல் அதனால் பாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே என் அபிப்பிராயத்தில் தக்க அளவுகோல். கோட்டா அவர்மேல் ஏற்றியது. நொய்யல் தீர்ப்பு இறக்கியது. இன்று நெருப்பெரிச்சலின் லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டுத் தொழிலாளரிற் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. தம் பெயரால் பேசப்படும் கூலி எவ்வளவென்றும் அறியார். அடுத்த கூலி ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, மிகைநேரக் கூலியைச் சட்டப்படி அதில் எழுதி, வேலைவாரியான கூலி விகிதத்தை ஹிந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு, ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஒட்டச் செய்யுமாறு முதலாளிகள் சங்கங்களையும் தொழிற்சங்கங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.