தாளமும் தவறும்
'ஹை-ஃபை ரஷ்' என்னும் கணினி ஆட்டம் பற்றிய ஒரு நோக்கு

சீகிரியாக் குன்றின் ஓவியப் பெண்களைக் காணச் சென்ற முற்காலத்தவர் வெறும் பார்வையாளராகத் திரும்பவில்லை. காசியப்ப மன்னன் (கி.பி. 477 – 495) அமைத்த அரண்மனையின் கண்ணாடிச் சுவரிலே அவர்கள் தாம் கண்டதற்கு மறுமொழி எழுதிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. எழுதியவருள் பிக்குகளும் படைவீரரும் பெண்களும் இருந்தனர். இவர்கள் அனைவரும் புலவர்கள் என்று கொள்வதற்கில்லை. அப்படியாயின் இத்துணைப் பேர் பாடத் துணிந்தமைக்குக் காரணம் யாது? 'கீ' எனப்படும் அக்காலச் சிங்கள யாப்பு பலருக்கும் செவிப்பழக்கமாக இருந்தமை ஒரு முக்கிய காரணமாகலாம். யாப்பைக் கவிஞனின் விலங்கு என்பர் சிலர். சீகிரியாச் சுவரிலோ அது கவிஞரல்லாதாரைக் கவிதைக்குள் அழைத்துச் செல்லும் வாயிலாகவே அமைந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1982இல், அதே குன்றின் உச்சியிலே வேறொரு கலை வந்து நின்றது. 'டுரான் டுரான்' என்னும் ஆங்கிலப் பொப் இசைக் குழுவினர் தம் 'சேவ் எ பிரேயர்' பாடலுக்கான படத்தை ரசல் மல்காகி என்பவரின் நெறியாள்கையில் சீகிரியாவிலும் இலங்கையின் வேறிடங்களிலும் எடுத்தனர். அமெரிக்காவில் எம்.ரி.வி. தொலைக்காட்சி தொடங்கி ஓராண்டு நிறைவதற்கு முன்னர் நிகழ்ந்தது இது. பாடலின் தாளத்துக்கேற்பக் காட்சிகளை வெட்டி ஒட்டும் அந்தப் புதிய கலையிலே குன்று அழகிய பின்னணியாயிற்று. பார்ப்பவனோ வாய்மூடி இருக்க வேண்டியவனாயினான். சுவரில் எழுதியவனுக்கு இருந்த மறுமொழி உரிமை இவனுக்கு இல்லை.

இவ்வுரிமையைத் தாளத்தின் வழியே மீட்டுத் தர முயன்ற ஆக்கமாகவே 'ஹை-ஃபை ரஷ்' இங்கு நோக்கப்படுகிறது. யப்பானின் டாங்கோ கேம்வேர்க்ஸ் நிறுவனம் ஜோன் ஜொகானஸ் என்பவரின் நெறியாள்கையில் உருவாக்கிய இவ்வாட்டம் 2023 ஜனவரி 25ஆம் திகதி, முன்னறிவித்தல் எதுவுமின்றி, அறிவிக்கப்பட்ட அன்றே வெளியிடப்பட்டது. கதை எளியது. வலக்கை செயலிழந்த சாய் என்னும் இளைஞன் இயந்திரக் கை பெறுவதற்காகப் பெரு நிறுவனமொன்றுக்குச் செல்கிறான். சிகிச்சையின்போது ஓர் இசைக் கருவி தவறுதலாக அவன் நெஞ்சிலே பதிந்துவிடுகிறது. நிறுவனம் அவனைப் 'பழுதுற்ற பொருள்' என்று அறிவித்துப் பிடிக்க முற்படுகிறது. அக்கணம் முதல் அவன் காணும் உலகமே தாளத்துக்கு அசைகிறது. மரங்கள் அசைகின்றன, குழாய்கள் துடிக்கின்றன, பகைவராகிய இயந்திரங்கள் தாளத்துக்கே அடியெடுத்து வைக்கின்றன. 808 என்னும் பூனை வடிவ இயந்திரம் அருகே மிதந்து தாளத்தைக் காட்டுகிறது. ஆடுபவன் அத்தாளத்துக்கு இசையப் பொத்தானை அழுத்திப் போரிட வேண்டும். மெல்லடி ஒரு தட்டையும் வல்லடி இரு தட்டுகளையும் கொள்ளும். முதற் பெரும் பகைவனாகிய இராட்சத இயந்திரத்தை 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழுவின் பாடலோசையிலே எதிர்கொள்ளும்போது, அப்பாடலை முன்பு கேட்டேயிராதவனும் அதன் கட்டமைப்பை விரல்களால் அறிந்துகொள்கிறான்.

தமிழிலே 'ஆடுதல்' என்னும் சொல் விளையாட்டையும் நடனத்தையும் ஒருங்கே குறிக்கும். போராட்டம் என்ற சொல்லிலும் ஆட்டம் உண்டு. தேரின் முன்னும் பின்னும் ஆடிய குரவைகளைத் தொல்காப்பியம் வாகைத் திணையிலே வைத்துக் கூறுவதும் நினைவுகூரத்தக்கது. எனவே போரும் தாளமும் ஒன்றித்து நிற்கும் ஓர் ஆட்டம் தமிழ் வாசகனுக்குப் பெரும் புதுமையன்று. புதுமை வேறோரிடத்தில் உள்ளது.

தாள ஆட்டங்கள் இதற்கு முன்னரும் உண்டு. 1996இல் வந்த 'பரப்பா த ராப்பர்' என்னும் யப்பானிய ஆட்டத்திலே வெங்காயத் தலையுடைய கராத்தே ஆசான் ஓரடி சொல்ல, மாணாக்கனாகிய நாய்க்குட்டி அதனைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் தரம் இறங்கும். மேலும் தவறினால் ஆட்டம் முடியும். நகைச்சுவை மிகுந்த அவ்வாட்டம் உள்ளூரக் கடுமையான பரீட்சைதான். 2001இல் வந்த 'டெவில் மே கிரை' சண்டையின் ஒயிலுக்குப் புள்ளி வழங்கியது. ஆயின் அங்கே ஆடுபவனைத் தாளம் கட்டுப்படுத்தவில்லை. 'ஹை-ஃபை ரஷ்' இவ்விரு மரபுகளையும் இணைத்ததோடு நில்லாமல் தவறு என்பதன் பொருளையே மாற்றிவிட்டது. ஆடுபவன் தாளம் பிசகிப் பொத்தானை அழுத்தினாலும் சாயின் அடி தாளத்திலேயே சென்று விழுகிறது. பிழையை இயந்திரம் தானே நேர்செய்து கொள்கிறது. சரியாக அழுத்தியவனுக்கு மிகுதியான வலிமையும் புள்ளியும் கிடைக்கும். பிசகியவனுக்கு அவமானம் இல்லை.

இதனைச் சலுகை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆழ்ந்து நோக்குமிடத்து இது சீகிரியாச் சுவரின் யாப்பு செய்த பணியையே செய்கிறது எனலாம். தாள ஞானமில்லை என்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டவன் இங்கே அரைமணி நேரத்திலே தலையசைக்கத் தொடங்குகிறான். ஒலி வடிவமைப்புக்காக 2023இன் 'கேம் அவார்ட்ஸ்' விருதும், அசைவூட்டத்துக்காக 2024இன் பாஃப்டா விருதும் இவ்வாட்டத்துக்குக் கிடைத்தன. அவ்விரு துறைகளையும் இங்கே தனித்தனியே பிரித்துக் காண்பது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒவ்வோர் அசைவும் செவிக்குரிய செய்தியாகவே இருக்கிறது.

ஆயினும் வடமோடிக் கூத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு குறை தோன்றாமற் போகாது. மட்டக்களப்பின் வட்டக்களரியிலே இரு வீரர் பொருதும்போது அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் அவர்களின் காலைக் கட்டிப் போடுகின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962இல் 'கர்ணன் போ'ரையும் பின்னர் 'இராவணேச'னையும் மேடையேற்றியபோது, நகரத்துப் படித்தோர் அக்கட்டுப்பாட்டின் வீறினைக் கண்டுகொண்டனர். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அத்தகைய ஆட்டத்திலே கால் பிசகினால் களரி முழுவதும் அதனை அறியும். அண்ணாவியார் ஒருகணம் தாளத்தை இழுத்துப் பிடித்து ஆட்டக்காரனை மீளச் சேர்த்துக்கொள்வார்; அந்த மீட்சியும் கூத்தின் சுவைகளுள் ஒன்று. அண்ணாவியார் மன்னிக்கிறார், ஆனால் மறைப்பதில்லை. இயந்திரமோ மறைத்து மன்னிக்கிறது. ஆடுபவன் தன் பிழையைத் தானே கேட்க முடியாதபோது, அவன் தாளத்தைக் கற்கிறானா, அன்றித் தாளத்திலே மிதக்கிறானா என்ற வினா எழுகின்றது. கட்டத்தின் இறுதியிலே எத்தனை வீதம் தாளத்தோடு இசைந்தான் என்ற கணக்கும் 'எஸ்', 'ஏ', 'பி' என்ற தரமும் காட்டப்படுகின்றன என்பது உண்மையே. பெறுபேற்று அட்டையிலே காண்பது வேறு, காலிலே உணர்வது வேறு. பரீட்சை எழுதும் மாணவருக்கு இது விளக்க வேண்டியதன்று.

உள்ளடக்கத்திலும் இம்முரண்பாடு தொடர்கிறது. மனிதரின் எண்ணங்களைக் கருவியால் ஆள முயலும் நிறுவனத்தை எதிர்ப்பதே கதை. எதிர்ப்பவன் ஒழுங்குக்கு அடங்காத 'பழுது'. ஆனால் அவன் வெல்வதோ உலகம் முழுவதும் அசையும் அதே தாளத்துக்கு எவரினும் நன்றாக அடங்கி நடப்பதனாலேயே! தாளத்தை மீறிப் புதுத் தாளம் அமைக்கும் வாய்ப்பு ஓரிடத்திலும் அவனுக்குத் தரப்படவில்லை. சீகிரியாச் சுவரிலே ஓவியத்தைப் புகழ்ந்தவனும் எழுதினான், ஏளனம் செய்தவனும் எழுதினான். ஒரே யாப்பு இருவருக்கும் இடங்கொடுத்தது. இங்கே ஆடுபவன் இசைந்து பேசலாமேயன்றி மறுத்துப் பேச இயலாது. கலகத்தின் ஒயில் இருக்கிறது, கலகம் இல்லை. (கதைக்கு வெளியே நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 2024 மே மாதத்தில் டாங்கோ நிறுவனத்தை மூடுவதாக அதன் உரிமையாளரான மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதனையும் இவ்வாட்டத்தின் உரிமையையும் பொறுப்பேற்றது.)

எனினும் இவ்வாட்டத்திலே ஒரு கட்டம் இக்குறைகளைத் தாண்டி நிற்கிறது. நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவியான கோர்சிகாவுடன் சாய் பொருதும் கட்டம் அது. அங்கே கண்டபடி அடித்து முன்னேற முடியாது. அவள் வீசும் அடிகளின் தாளக்கட்டை முதலிற் கேட்டு, பின்னர் அதே தாளக்கட்டில் அவற்றைத் தடுக்க வேண்டும். தட்டுகளுக்கிடையிலான இடைவெளி மாறிமாறி வருகிறது. பிசகினால் அடி விழும். இம்முறை இயந்திரம் நேர்செய்து தருவதில்லை. அதுவரை தன்னைத் தேர்ந்த ஆட்டக்காரனாக எண்ணியிருந்தவன் தன் கை உண்மையில் எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்பதை அங்கேதான் முதன்முறையாகக் கேட்கிறான். அண்ணாவியார் சொற்கட்டைச் சொல்லி நிறுத்த, ஆட்டக்காரன் காலால் அதனைத் திருப்பிச் சொல்லும் முறைக்கு இவ்வாட்டம் முழுவதிலும் மிக அண்மித்து வருவது இக்கட்டமே. பலமுறை தோற்று மீண்டும் மீண்டும் அக்கட்டத்தைத் தொடங்குபவன், திரையைப் பார்ப்பதை விட்டு, கண்ணை மூடித் தாளத்தைக் கேட்கத் தலைப்படுகிறான்.