சட்டம் பழசா, வாசிப்பு பழசா?

"டெக்னாலஜி ஓடுது, சட்டம் பின்னாடி நொண்டுது" என்று நாம் எல்லோரும் சொல்வோம். நானும் அதே நினைப்போடுதான் இந்த வழக்கைப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது அது பாதி கலைந்துவிட்டது.

2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்தது. அவர் செல்போனில் குழந்தைகள் பாலியல் வன்கொடுமை வீடியோக்கள் இருந்தன. ஆனால் யாருக்கும் அனுப்பவில்லை, தனியாகப் பார்த்தார், அவ்வளவுதான். எனவே போக்சோ 14-வது பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பொருந்தாது என்றது தீர்ப்பு.

சட்டத்தில் ஓட்டை என்றுதானே தோணும்? 67பி-யை எடுத்துப் பாருங்க. 2009-இல் அமலுக்கு வந்த பிரிவு. சேகரிப்பது, தேடுவது, இணையத்தில் உலாவிப் பார்ப்பது, பதிவிறக்குவது எல்லாமே அதில் வரிசையாக இருக்கு. சொல் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பதிவிறக்காமல் ஆன்லைனில் பார்த்தாலும், வீடியோ நம் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை அது 'வைத்திருத்தல்'தான் என்றது. 'சைல்டு போர்னோகிராஃபி' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் இனி பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. சரிதான். அது ஆபாசப் படம் இல்லை, ஒரு குழந்தைக்கு நடந்த குற்றத்தின் பதிவு.

ஆனாலும் எனக்கு இரண்டு நெருடல்கள்.

ஒன்று, தெரியாமல் ஒரு லிங்க்கைத் திறந்தவர் உடனே மூடினால் மட்டும் போதாது, புகாரும் செய்ய வேண்டும் என்கிறது தீர்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம் என்பது எத்தனை வாட்ஸ்அப் குடும்பங்களுக்குத் தெரியும்?

இரண்டு, தண்டனை. பகிரும் நோக்கத்தோடு அழிக்காமல் வைத்திருந்தால் போக்சோ 15(1)-இன்படி முதல் முறைக்கு அபராதம் மட்டுமே, 5,000 ரூபாய்க்குக் குறையாமல். அதே வீடியோவைப் பதிவிறக்கியதற்கு 67பி-யில் 5 ஆண்டு வரை சிறை. ஒரே செல்போன், இரண்டு அளவுகோல். இதைச் சரிசெய்ய வேண்டியது நாடாளுமன்றம்தான்.

அடுத்து ஏஐ படங்கள் வரும். "சட்டத்தில் இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். போக்சோவில் 2019-இல் சேர்த்த வரையறையைப் பாருங்க: நிஜக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாத, கணினியில் உருவாக்கிய படமும் அதில் அடக்கம். சொல் இருக்கு. இந்தத் தடவையாவது படிப்பாங்களா?