‘லாம்’ என்பது உரிமையாகுமா?

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தாலான சொல் ‘மே’. சிறுவரும் அறிந்த சொல். அறிஞரையும் மயக்கும் சொல். ‘உள்ளே வரலாமா?’ என்று மாணவன் கேட்கையில் அது இசைவு வேண்டி நிற்கிறது. ‘மாலையில் மழை வரலாம்’ என்கையில் ஐயத்தைச் சுமக்கிறது. ‘நீடு வாழ்க!’ என வாழ்த்துகையில், நம் இலக்கணத்தார் வியங்கோள் என வகுத்த பணியை மேற்கொள்கிறது. முதலெழுத்தைப் பெரிதாக்கிவிட்டாலோ, கோடைத் திங்களின் பெயராகிவிடுகிறது! வேடம் நான்கு, முகம் ஒன்று.

‘மே என்றால் லாம்’ என ஒரே வரியில் முடித்துவிடுவது வகுப்பறை வழக்கம். தேர்வுக்கு அது போதும், வாழ்வுக்குப் போதுமா? அயோத்தியாப்பட்டணத்து உழவர் வானத்தைப் பார்த்து, ‘மழை வரலாம்’ என்கிறார். அச்சொல்லை நம்பி அவர் கடன் வாங்குவதில்லை. கிணற்றுக்கு உடையவர், ‘நீர் இறைத்துக்கொள்ளலாம்’ என்கிறார்; நாளை ‘கூடாது’ என்று சொல்லும் உரிமையும் அவரிடமே இருக்கிறது. ‘லாம்’ என்னும் சொல்லில் கொடுப்பவர் கை மேலே, பெறுபவர் கை கீழே. ‘வேண்டும்’ என்னும் சொல்லிலோ இருவரும் சட்டத்தின் முன் நிகராக நிற்கின்றனர்.

இச்சிறு வேறுபாடு ஒரு நாட்டையே உலுக்கியது என்றால் வியப்பன்றோ? அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆங்கிலத்திற்குப் பதினைந்து ஆண்டுத் தவணை தரப்பட்டது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959-இல் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அவ்வுறுதிக்கு வடிவம் தர வந்ததே 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு என்ன கூறிற்று? இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’ என்றது! அச்சட்டம் இசைவு பெற்ற நாளும் மே 10 என்பது காலத்தின் குறும்பு போலும்.

‘மே’ வேண்டா, ‘ஷல்’ என்று எழுதுக என்றது தி.மு.கழகம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்றார் நேரு. ஒன்றே என்றால் மாற்றி எழுதத் தயங்குவானேன்? கழகம் எழுப்பிய இவ்வினாவுக்குத் தக்க விடை வரவில்லை.

நேருவின் நல்லெண்ணத்தை ஐயுறுவது நம் நோக்கமன்று. இடம் நோக்கி, ‘மே’ என்பதைக் கட்டாயம் என்றே நீதிமன்றங்கள் சில வேளைகளில் கொள்வதும் உண்மை. ஆயினும், ஒருவரின் விளக்கத்தை நம்பி வாழும் உரிமை, அவர் காலத்தோடு தளர்ந்துவிடும். நேரு 1964 மே 27 அன்று மறைந்தார். 1965 சனவரி 26 நெருங்கியபோது, எஞ்சி நின்றது எழுத்து மட்டுமே. அவ்வெழுத்தோ ‘லாம்’! தமிழ்நாடு கொதித்தெழுந்தது; மாணவர் தெருவில் திரண்டனர்; உயிர்கள் பல மாய்ந்தன.

1967 திசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது; 1968 சனவரியில் அது சட்டமாயிற்று. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு நடுவண் அரசு கொள்ளும் தொடர்புக்கு ஆங்கிலமே பயன்படுத்தப்பட ‘வேண்டும்’ என்ற விதி அதில் ஏறியது. இந்தியை ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும், பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றும் வரை ஆங்கிலத்தை விலக்க இயலாது என்ற காப்பும் வந்தது. எனினும் அப்பிரிவின் முதல் வாசகத்தில் பழைய ‘மே’ இன்றும் குந்தியிருக்கிறது! காவலுக்கு ‘ஷல்’, கட்டிலில் ‘மே’.

ஆங்கிலத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம் தமிழ் ஆணைகளையும் சங்க விதிகளையும் புரட்டிப் பாருங்கள். ‘உதவி வழங்கலாம்’ என்றிருக்கும் இடத்தில் ஏழை காத்துக் கிடக்கிறான். ‘வழங்க வேண்டும்’ என்றிருக்கும் இடத்தில் நிமிர்ந்து கேட்கிறான். அன்பர்களே, கையொப்பமிடுமுன் வினைமுற்றைப் படியுங்கள். உரிமையின் உயிர் பல வேளைகளில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது.